உன் சீட்டின் மேல் என் கண்

இதனால் நம் வீட்டில் உள்ளோருக்கும், தெருவில் உள்ளோருக்கும், திருச்சுழி சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் வைத்துப் பிழைக்கும் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை நம் வீட்டுச் செவலைக் கோழி, நீ டிராக்டரிலிருந்து கழற்றி வேப்பமரத்தடியில் போட்ட என்னுடைய பழைய இரும்புச் சீட்டில் முட்டை ஒன்று இட்டிருக்கிறது. முட்டை நலம். கோழி நலம். சீட்டும் நலம். இருபது வருஷத்துக்கு மேல் என்னைச் சுமந்த அந்தச் சீட்டைப் பார்த்து, "இதுல மனுசன் உக்காருவானா" என்று கேட்டவன் நீ. மனுஷன் உட்காராவிட்டால் போகட்டும் மகனே, கோழிக்குத் தெரிந்திருக்கிறது அதன் அருமை. இந்தச் செய்தியை உன் அம்மாவிடம் சொன்னேன். "கோழிக்கு மூள இல்லைன்னு இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். வரலாறு படைக்கிறவர்களை வீட்டில் மதிப்பதில்லை.

முத்து, ஒரே வீட்டில் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் பாதியில் ஏதாவது கேலி பேசித் தப்பித்துவிடுவேன். எனக்கு வயசு ஐம்பத்தெட்டு என்றாலும் வாய்க்கு மட்டும் பதினாறு தாண்டவில்லை என்று உன் அம்மா சொல்வது உனக்குத் தெரியும். காகிதம் அப்படித் தப்பிக்க விடாது. இன்று மத்தியானம் நீ சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் பேசியது என் காதில் விழுந்தது. உண்மையைச் சொன்னால் விழவில்லை, கதவுக்குப் பின்னால் நின்று நான்தான் பிடித்தேன். நீ உழவுக்குப் போகிறவன், நான் உளவுக்குப் போகிறவன். "புதுச் சீட்டு போட்டும் இடுப்பு கேக்க மாட்டேங்குதும்மா. முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு, இப்பப் பழையபடி கொல்லுது. நாளைக்குச் சீட்டக் கழட்டி அருப்புக்கோட்டையில குடுத்துட்டு வாரேன். இந்த விதைப்பு முடியட்டும், வண்டிய வித்துருவோம். குமாரலிங்கபுரத்துல மில்லுக வருதாம்ல, ஆள் எடுக்கும்போது போயி நிக்கிறேன்" என்றாய். உன் அம்மா, நீ கேட்காமலே சோற்றில் ரசத்தை ஊற்றினாள். அப்புறம் வாசலில் என்னைப் பார்த்து, "யப்பா, காலையில சீட்டக் கழட்ட ஒரு கை பிடிங்க, என்னால குனிய முடியல" என்று கேட்டாய். நானும் தலையை ஆட்டினேன்.

ஆகவே இந்தக் கடிதத்தை டூல் பெட்டியில், ஸ்பேனரைச் சுற்றிக் கட்டி வைக்கிறேன். ஸ்பேனர் எடுக்காமல் சீட்டைக் கழற்ற முடியாது, கடிதத்தை எடுக்காமல் ஸ்பேனரை எடுக்க முடியாது. போல்ட்டில் கை வைக்கும் முன்னால் முழுவதும் படித்துவிடு. படித்தபின் நம் டிராக்டர்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுப் போடு. எழுத்து நடுங்கியிருப்பதைப் பார்த்து எதுவும் நினைத்துக்கொள்ளாதே. பேனா சரியில்லை.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கென்று ஓர் இடம் ஒதுக்காவிட்டால் கடிதம் முழுக்க ஒழுகும். நான் ஓட்டத் தொடங்கிய காலத்தில் நம் ஊரில் சின்ன டிராக்டர் என்றால் நம்முடையது ஒன்றுதான். சித்திரையில் கோடை உழவுக்குப் போனால் கரிசல் காடு வெடித்துக் கிடக்கும், ஒவ்வொரு கட்டியும் அம்மிக்கல் அளவு இருக்கும். பெரிய வண்டி அந்தக் கட்டியை நசுக்கிக்கொண்டு போகும். சின்ன வண்டி அதன் மேல் ஏறிக் குதித்துக்கொண்டு போகும். காருக்கு ஸ்பிரிங் உண்டு, லாரிக்கு அடியில் வில் மாதிரி இரும்புப் பட்டை உண்டு. நம் வண்டிக்கு ஓட்டுகிறவன் முதுகெலும்பு ஒன்றுதான் ஸ்பிரிங். கருவேல முள்ளை வெட்டிவிட்டு வேரோடு பிடுங்காமல் விட்ட காடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் கட்டை சக்கரத்தைத் தட்டும், சக்கரம் சீட்டைத் தட்டும், சீட்டு என்னைத் தட்டும், நான் மாலையில் வீட்டுக்கு வந்து தட்டில் சோறு போடச் சொல்வேன். அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட "இடுப்பு வலிக்கிறது" என்று நான் சொல்லி இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இதை நன்றாக மனசில் வைத்துக்கொள். பின்னால் தேவைப்படும்.

உன் புதுச் சீட்டுக் கம்பெனிக்காரனுக்கு முன்பே குலுக்கலுக்கு மருந்து கண்டுபிடிக்கப் பார்த்தவன் நான் என்பதையும் பதிவு செய்கிறேன். முதலில் சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்புறம் சாக்குக்குள் பருத்தி அடைத்துத் தைத்தேன். அப்புறம்தான் அந்த மகத்தான யோசனை வந்தது. பழைய ஸ்கூட்டர் டியூப்பில் காற்றடித்து, வட்டமாகச் சீட்டில் வைத்துக் கட்டி, அதன் மேல் உட்கார்ந்தேன். தெருவை விட்டுக் கிளம்பும்போது மெத்தையில் ராஜா போகிற மாதிரி இருந்தது. காட்டில் இறங்கிய முதல் கட்டியில் டியூப் என்னை ஓரடி மேலே அனுப்பியது. நான் கீழே வருவதற்குள் வண்டி அடுத்த கட்டியில் ஏறி, சீட்டு என்னைத் தேடி மேலே வந்தது. இரண்டு பேரும் நடுவழியில் சந்தித்தோம். அந்தச் சந்திப்பைப் பற்றி இன்றுவரை நான் யாரிடமும் விவரமாகப் பேசியதில்லை. மெத்தென்று இருப்பது வேறு, குலுக்கலை வாங்கிக்கொள்வது வேறு என்று அன்றைக்கு எனக்குப் பின்பக்கமாகப் புரிந்தது. வெறும் மெத்தையும் காற்றும் ஆட்டத்தைக் குறைக்காது, சில சமயம் கூட்டியே கொடுக்கும். இதைப் படிக்கிற மற்ற டிராக்டர்காரர்கள் தலையணையைத் தேடி ஓட வேண்டாம்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். ஆவணியில் உனக்குப் பார்த்த பெண் மலருக்குப் பூ வைக்கக் குமாரலிங்கபுரம் போனோமே, அன்றைக்குக் காலை வரை நீ முந்தின வாரம் முழுக்க வண்டியை விட்டு இறங்காமல் ஓட்டியிருந்தாய். பூ வைத்து முடிந்ததும் பெரியவர்கள் காலில் விழச் சொன்னார்கள். மலரும் நீயும் சேர்ந்து அவள் அப்பா அம்மா காலில் விழுந்தீர்கள். மலர் எழுந்துவிட்டாள். நீ எழவில்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, குப்புறக் கிடந்த நீ கிடந்தபடியே இருந்தாய். மலரின் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "அடியே, எம்புட்டு மருவாதியான புள்ள பாரு. காலை விட்டு எந்திரிக்கவே மனசு வரலை" என்றாள். மலருடைய அப்பா குனிந்து உன் தோளைத் தொட்டு, "போதும் மாப்ள, எந்திரிங்க" என்று கெஞ்சினார். எந்திரிக்க முடிந்தால்தானே. உன் முகம் எனக்கு மட்டும் தெரிகிற கோணத்தில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டாய். நான் வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். உன்னைத் தூக்கும்போது எனக்கும் கண் கலங்கியது. அதையும் அந்த அத்தை பாசம் என்று எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது வேனில் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "ஒன் வயசுல நான் விடிய விடிய டிரெயிலர் அடிச்சிட்டு வந்து, குளிச்சிட்டு, திரும்ப உழவுக்குப் போவேன். இதுக்கே படுத்துட்டியே ராசா." நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மலர் ஏமாறவில்லை. அன்று மாலையே உனக்குப் போன் செய்து, "மரியாதையா, இடுப்பு வலியா, உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டாள். இதை நீ சொல்லவில்லை, என் உளவுத் துறையின் வழியாகத் தெரிந்துகொண்டேன். எனக்கு அன்றைக்கே புகைச்சல் ஆரம்பித்துவிட்டது. உனக்கு இன்னும் தாலிகூடக் கட்டவில்லை, அதற்குள் உன் இடுப்பைப் பற்றிக் கேட்க ஓர் ஆள். அவள் சொல்லித்தான் அருப்புக்கோட்டை டாக்டரிடம் போனோம். அவர் உன்னைக் குனியச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார், அப்புறம் உன் இடுப்பைப் பற்றிக் கேட்டதைவிட வண்டியைப் பற்றி அதிகமாகக் கேட்டார். என்ன வண்டி, என்ன சீட்டு, தினம் எவ்வளவு நேரம், திரும்பித் திரும்பிப் பின்னால் பார்ப்பாயா என்று. முதுகில் எலும்புக்கு எலும்பு நடுவில் வட்டமாக ஒரு மெத்தை இருக்கிறது, அதற்குப் பெயர் டிஸ்க் என்றார். நமக்குத் தெரிந்த டிஸ்க் சட்டிக்கலப்பையில் மண்ணைப் புரட்டும் வட்டத் தகடு. அது தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். இதைக் கழற்ற முடியாதாம். நாள் முழுக்க மேலும் கீழுமாக உதைபட்டால் அது களைத்துப்போய்ப் பிதுங்கும், நரம்பை அமுக்கும், இப்போதே பார்த்துக்கொண்டால் சரியாகும், விட்டால் காலுக்கு இறங்கும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க எவ்வளவு வருசமா ஓட்டுறீங்க? உங்களுக்கு வலி உண்டா? உக்காருங்களேன்." "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன். உட்காரவும் இல்லை. படித்தவர்கள் முன்னால் நிற்பதுதான் மரியாதை.

அடுத்த வாரமே அந்தச் சீட்டு வந்து இறங்கியது. பெரிய அட்டைப்பெட்டியில், உள்ளே தெர்மாகோல் அணைத்துக்கொண்டு, புதுப்பெண் மாதிரி. அடியில் ஸ்பிரிங், நடுவில் ஷாக் அப்சார்பர், சுற்றிலும் கறுப்பு ரப்பர் பாவாடை. நீ என் சீட்டைக் கழற்றினாய். என் சீட்டுக் கிழிந்தது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அதை மாட்டி முடித்ததும் உன் அம்மா சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி உடைத்தாள். எனக்கு அவளைக் கட்டிவைத்து முப்பது வருஷம் ஆகிறது, ஒரு பாதி எலுமிச்சம்பழம் என் தலையைச் சுற்றியது கிடையாது. நான் பீடி பற்றவைக்கிற மாதிரி தள்ளி நின்றேன். நீ அவளுக்கு விளக்கினாய். "யம்மா, இங்க பாரு. முன்னால கீழ இந்தத் திருகு இருக்குல்ல, இதுல ஓட்டுறவுக எடைய வைக்கணும். கனமான ஆளுன்னா இறுக்கணும், ஒல்லியான ஆளுன்னா தளத்தணும். மாத்தி வச்சம்னா சீட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான், அடியில போயி இடிக்கும்." அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள், "அப்ப அப்பா உக்காந்தா?" நீ சிரித்தாய். "அப்பா எங்க உக்காரப் போறாரு? அவருக்குத்தான் வலியே இல்லையே."

அந்தச் சிரிப்பிலிருந்து ஆரம்பித்தது முத்து. பொறுமைக்கும் பொறாமைக்கும் நடுவில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம், அந்தக் காலை நீ என் மேல் ஊன்றிவிட்டாய். நீ சாயங்காலம் வந்தால் உன் அம்மா சட்டியில் கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். உப்பு வெடிக்கும் சத்தம் எனக்கு அடுத்த அறையில் கேட்கும். நான் ஓட்டிக் களைத்து வந்த காலத்தில் "போயிப் படுங்க, காலையில சரியாப் போகும்" என்பதோடு வைத்தியம் முடிந்துவிடும். தெருவில் போகிறவன் எல்லாம் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "யப்பே, உஸ்ஸுன்னு எறங்குதுப்பா" என்றான். அதிர்ஷ்டம் உள்ளவனுக்குச் சீட்டு, இல்லாதவனுக்கு அதிர்வு என்று நினைத்துக்கொண்டேன். ஏறாதவன் நான் ஒருவன்தான். நீ உழுதுகொண்டிருந்த பாண்டியம்மாள் மதினியின் காட்டுக்கு நான் டீசல் கேனைக் கொண்டுபோனபோது நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். வரப்பில் என்னைக் கண்டதும் மதினி கேட்டாள்:

"என்ன கொழுந்தனாரே, கேனோட நிக்கிறீக? நீங்க ஓட்டப் போறீகளோன்னு பயந்துட்டேன்."

"ஏன் மதினி, நான் ஓட்டுனா ஒங்க காடு கோவிச்சுக்கிருமோ?"

"காடு ஒண்ணும் சொல்லாது. வெதச்ச மல்லிதான் மொளைக்காமக் கோவிச்சுக்கிரும். நீங்க வண்டிய வெரட்டுவீக. கலப்ப தாவித் தாவிப் போகும். தம்பி ஓட்டுனா தலைவாரி விட்ட மாதிரி இருக்கு."

"மணிக்கு ஒருக்க எறங்கி வரப்புல நடந்தா எப்ப முடியிறது?"

"அது நடந்தாத்தான் நாளைக்கும் வருது. நீங்க விடிஞ்சதுல இருந்து அடையிற வரைக்கும் சீட்டுல ஒட்டிக்கிட்டு, மறுநா ஆளக் காணோம்னு எத்தன தடவ ஒங்க வீட்டுக்கு ஆள் விட்டேன்."

மறுநாள் நான் ஏன் காணாமல் போனேன் என்று மதினிக்குத் தெரியாது. வேறு ஊரில் உழவு என்று சொல்லிவைத்திருந்தேன். ஆனால் அவள் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு முள்ளாகக் குத்தியது, ஏனென்றால் நீ செய்வது சரி என்று எனக்குத் தெரியும். அதனால் பொறாமையோடு சேர்த்தே எழுதிக்கொடுக்கிறேன், வைத்துக்கொள். கட்டி உடையாத காட்டில் வண்டியை விரட்டாதே. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே குலுக்கல் நிறையக் குறையும், நான் அதைக் கோழைத்தனம் என்று நினைத்தேன். மணிக்கு ஒருமுறை இறங்கி நடப்பதை யார் சிரித்தாலும் விடாதே, சிரிக்கிறவன் நானாக இருந்தாலும். பின்னால் கலப்பையைப் பார்க்க உடம்பை முறுக்கிக்கொண்டே ஓட்டினால் குலுக்கல் முறுக்கிய முதுகில்தான் இறங்கும். அதற்கு ஒரு கண்ணாடி மாட்டு, அரைக் கழுத்துத் திரும்பினால் போதும். ரோட்டுக்கு வைக்கிற காற்றையே காட்டுக்கும் வைத்தால் டயர் கல்லாக நிற்கும், வண்டியோடு வந்த புத்தகத்தில் சொல்லியிருக்கிற அளவுக்கு இறக்கிக்கொள். தண்ணீர் குடி, அடக்கி வைக்காதே. ஸ்டீயரிங்கைக் கழுத்தை நெரிக்கிற மாதிரிப் பிடிக்காதே, எஞ்சின் நடுக்கம் முழுக்க விரலுக்கு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை நிறுத்தியதும் மேலிருந்து குதிக்காதே. பல மணி நேரம் குலுங்கிக் களைத்த முதுகு அந்த ஒரு குதியைத் தாங்காது. கைப்பிடியைப் பிடித்து, முகத்தை வண்டிப் பக்கம் வைத்து, கிழவன் மாதிரி இறங்கு. கிழவனாகும்போது வாலிபன் மாதிரி இறங்கலாம்.

பார், உன் மேல் புகைந்துகொண்டேதான் உனக்கு எத்தனை நல்லது சொல்கிறேன். செயலிலும் குறை வைத்தேனா? நீ மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அரைமணி நேரம் தரையில் படுக்கும்போது, வெயிலில் நிற்கும் வண்டியை நிழலுக்கு நகர்த்தி வைத்தது யார்? நான். "பாவம், சீட்டு சுட்டுரும்" என்று உன் அம்மாவிடம் சொன்னதும் நான்தான். அவள்கூட ஆச்சரியப்பட்டாள்.

இந்த இடத்தில் பக்கத்தைக் கிழித்துக்கொள்.

வண்டியை நகர்த்துவதற்கு ஒரு நிமிஷம் போதும். நான் அதைக் கண்மாய்க் கரை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வருவேன். முதல் நாள் உன் சீட்டில் உட்கார்ந்தபோது அது பலகை மாதிரி இருந்தது. என் எடைக்கு அது அசையக்கூட இல்லை. இதற்கா இத்தனை எலுமிச்சம்பழம் என்று நினைத்தேன். அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வந்து, திருகைப் பிடித்துத் தளர்த்தினேன், என் எடை வரும்வரை. மறுபடி உட்கார்ந்தேன். உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு அது என்னை ஏற்றுக்கொண்டது. கண்மாய்ப் பாதையில் மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த பள்ளங்கள் உனக்குத் தெரியும். வண்டி குதித்தது. நான் குதிக்கவில்லை. கரையில் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இப்படியும் ஓட்டியிருக்கலாம் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. உன்னைத் திட்ட வேண்டும் போல இருந்தது. நீ ஒன்றும் செய்யவில்லை, இருபத்தாறு வயசில் உனக்கு இது கிடைத்தது, அவ்வளவுதான்.

தினமும் திரும்பி வந்ததும் திருகை உன் எடைக்கு இறுக்கி வைத்துவிடுவேன். போன வெள்ளிக்கிழமை நான் வண்டியை நிறுத்தும்போதே நீ எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாய். பிடிபடக் கூடாதென்று மேலிருந்து குதித்தேன். ஆமாம், மேலே உனக்குச் சொன்னேனே, அதே குதி. திருகு என் எடையிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நீ ஓட்டிய ஒவ்வொரு நாளும் சீட்டு உன் கனத்துக்கு அடிவரை அமுங்கி, கட்டிக்குக் கட்டி உன் முதுகில் இடித்திருக்கிறது. "அடியில டக்கு டக்குன்னு இடிக்குதும்மா" என்று நீ சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. "யப்பா, சீட்டுத் திருகு எதையும் தொட்டீகளா?" என்று கேட்டாய். "எனக்கும் அந்தச் சீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது" என்றேன். நீ நம்பினாய். குனிந்து பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். குனியத்தான் உன்னால் முடியவில்லை.

திருப்பி வைக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். பொய். வண்டி நம் வாசலில்தான் நின்றது. நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது முத்து. அவ்வளவு பெரிய சீட்டும் ஒன்றும் பெரிதாகக் கிழிக்கவில்லை என்று. எனக்கு வலிக்கிற இடத்திலேயே உனக்கும் வலித்தது, துணைக்கு ஆள் வந்த மாதிரி இருந்தது. இன்று நீ வண்டியை விற்கிறேன் என்று சொல்லும்வரை அந்தச் சந்தோஷத்தின் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை.

ஆமாம், எனக்கு வலிக்கிறது. இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை என்று எழுதினேனே, நான் சொன்னதில்லை, அதனால் கேட்டதில்லை. பல வருஷமாக வலிக்கிறது. டாக்டர் முன்னால் நின்றது மரியாதைக்காக இல்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும், நீ பார்த்துவிடுவாய். குமாரலிங்கபுரத்தில் உன்னைத் தூக்கும்போது கண் கலங்கியதும் பாசத்தினால் மட்டும் அல்ல. பேனாவில் ஒரு குறையும் கிடையாது. இரண்டு விரல் மரத்துப்போய் எத்தனை நாளாகிறது என்று எனக்கே தெரியவில்லை. வாயில் வந்த வலியை ஒவ்வொரு தடவையும் கேலியாக மாற்றித் துப்பி எனக்குப் பழகிவிட்டது. நீ அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளாதே. மலர் கேட்டால் உண்மையைச் சொல்.

உன் முதுகில் புதுக் கோளாறு எதுவும் இருக்காது, உன் அப்பன்தான் கோளாறு என்று நினைக்கிறேன். ஆனாலும் நாளைக்கு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறு, சீட்டைத் தூக்கிக்கொண்டு அல்ல, டாக்டரைப் பார்க்க. நானும் வாரேன். இந்தத் தடவை உட்காருகிறேன். இன்று சாயங்காலம் திருகை உன் எடைக்கு இறுக்கி வைத்துவிட்டேன், அவர் ஓட்டலாம் என்று சொன்னபிறகு உட்கார்ந்து பார். அதற்கும் பிறகு மில்லுக்குத்தான் போக வேண்டும் என்றால் போ, அது உன் இஷ்டம். நான் திருப்பி வைக்காத ஒரு திருகுக்காக மட்டும் போகாதே. மத்தியானத்தில் எனக்குக் கண்மாய் வரை ஒரு சுற்றுக் கொடுத்தால் வேண்டாமென்று சொல்ல மாட்டேன். உன் கண் முன்னாலேயே திருகைத் திருப்பி வைப்பேன்.

அப்புறம் அந்தக் கோழி விஷயம். முட்டையை அடுப்படிக் கூடையிலிருந்து எடுத்துப் பழைய சீட்டில் வைத்தது நான்தான். நீ பார்த்துவிட்டு ஏதாவது சொல்வாய் என்று நினைத்தேன். கோழியையும் தூக்கி அதன் மேல் வைத்துப் பார்த்தேன். இரும்பில் கால் பட்டதும் ஒரு நொடி நின்றது, அப்புறம் இறங்கிப் போய், உன் புதுச் சீட்டு வந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு, சொகுசாக. அதைப் பார்த்தாலும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.